எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது கியர்பாக்ஸ்தான்

1953-ல் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் தன் ஜீப்புக்குப் புது எஞ்சின் ஒன்றைப் பொருத்த முனைந்தது. ‘ஹரிக்கேன்’ என்று பெயர். உலகப் போரில் ஓடிய பழைய ‘கோ டெவில்’ எஞ்சினைப் போலவே இதுவும் 2.2 லிட்டர்தான். ஆனால் காற்று உள்ளே வரும் வால்வுகளைச் சிலிண்டர் தலைக்கு ஏற்றியதால் 60 குதிரைத்திறன் 70-ஐத் தாண்டியது. கூடவே எஞ்சினின் உயரமும் ஏறியது. பானட் மூடவில்லை. வில்லிஸ்காரர்கள் எஞ்சினைக் குறுக்கப் பார்க்கவில்லை. பானட்டைத் தூக்கிக் கட்டினார்கள். அப்படிப் பிறந்த சி.ஜே.-3பி ஜீப்பைத்தான் மகிந்திரா நிறுவனம் பல பத்தாண்டுகள் இந்தியாவில் தயாரித்தது. பழைய ஜீப் விற்பவர்கள் இன்றும் ‘லோ பானட்டா, ஹை பானட்டா’ என்று கேட்பதன் பின்னணி இதுதான்.

2007-ல் இங்கிலாந்தின் லேண்ட் ரோவர் நிறுவனம் தன் டிஃபெண்டர் வண்டிக்கு ஃபோர்டு தயாரித்த 2.4 லிட்டர் டீசல் எஞ்சினை வைத்தது. அதுவும் உயரமான எஞ்சின். டிஃபெண்டரின் தட்டையான பானட்டின் நடுவே ஒரு புடைப்பு முளைத்தது. இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே 54 ஆண்டுகளும் அட்லாண்டிக் கடலும் கிடக்கின்றன; வந்த சிக்கல் ஒன்று, தீர்த்த விதமும் ஒன்று.

வீட்டு ஷெட்டில் பழைய ஜீப்பையோ லேண்ட் ரோவரையோ நிறுத்தி வேறு எஞ்சின் ஏற்றுபவரைப் பார்த்து, ‘ஒரிஜினலைக் கெடுக்கிறார்’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கம்பெனிகளே காலமெல்லாம் செய்துவந்த வேலை அது. ஆனால் கம்பெனியில் வரைபடம் போட ஓர் அணியும், ஓட்டி உடைத்துப் பார்க்க இன்னோர் அணியும் இருந்தன. வீட்டில் இருப்பது ஒரு செயின் பிளாக்கும் ஞாயிற்றுக்கிழமைகளும்தான். அதனால்தான் ஆர்வத்தோடு தொடங்கிய பல வண்டிகள் பாதியில் நின்று, தார்ப்பாய்க்கு அடியில் துருவேறிக் கிடக்கின்றன. முழுதாக ஓடிய வண்டிகளைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரு பொதுத்தன்மை தெரியும். அவற்றைக் கட்டியவர்கள் எவ்வளவு பலமான எஞ்சின் கிடைக்கும் என்று தேடவில்லை. தங்கள் கியர்பாக்ஸ் எதை ஏற்கும் என்று முதலில் பார்த்தார்கள்.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர், 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் சுமார் 50 குதிரைத்திறனுமாகத் தொடங்கியது. 1958-ல் சீரிஸ் 2 வந்தபோது பெட்ரோல் எஞ்சின் 2.25 லிட்டராக வளர்ந்தது. சில ஆண்டுகளில் அதே அளவில் டீசலும் வந்தது. 1971-லிருந்து 1985 வரை தயாரான சீரிஸ் 3 வரைக்கும் இந்த 2.25 லிட்டர் குடும்பமே முதுகெலும்பு. பெட்ரோல் எஞ்சின் சாதுவானது, எளிதில் சாகாதது. ஆனால் லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் தராது. டீசல் எஞ்சினுக்குச் சுமார் 62 குதிரைத்திறன்தான். சுமை ஏற்றிய வண்டியை அது மேட்டில் இழுத்துக்கொண்டு போகும்போது பின்னால் வருகிறவர்களின் பொறுமையும் சேர்ந்து சோதிக்கப்படும்.

1989-ல் அதே நிறுவனம் டிஸ்கவரி என்ற புது வண்டியை 200 டிடிஐ எனும் டர்போ டீசல் எஞ்சினோடு கொண்டுவந்தது. 2.5 லிட்டர், 111 குதிரைத்திறன். பழைய 2.25 எஞ்சினின் வம்சத்தில் வந்ததால் அதன் பின்புறத்தில் கியர்பாக்ஸ் சேரும் போல்ட் துளைகளின் அமைப்பு மாறவில்லை. ஆக, முப்பது வயதான சீரிஸ் கியர்பாக்ஸோடு இந்தப் புது எஞ்சின் அடாப்டர் தட்டு எதுவும் இல்லாமல் சேரும். பழைய எஞ்சினின் பிளைவீல் ஹவுசிங்கையும் பிளைவீலையும் கழற்றி இதன் பின்னால் மாட்டினால், சிறு வேலைகளோடு பழைய கிளட்சே போதும்.

இன்னொரு விஷயமும் கைகொடுத்தது. டிஸ்கவரியின் உடல் தகடு சீக்கிரம் துருப்பிடித்தது, எஞ்சினோ நன்றாகவே இருந்தது. வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகத் தொடங்கியபோது நல்ல எஞ்சின்கள் மலிவு விலையில் குவிந்தன. பிரிட்டனின் பண்ணை வீடுகளிலும் கார் ஷெட்டுகளிலும் சீரிஸ் வண்டிகளுக்கு 200 டிடிஐ ஏறிய காலம் அது. லிட்டருக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் என்ற கணக்கும் ஆசையைத் தூண்டியது.

அதற்காக வேலை சும்மா முடிந்துவிடவில்லை. டிஸ்கவரிக்கான எஞ்சினில் டர்போ தாழ்வாக, சேசிஸை உரசுவதுபோல் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து இறங்கும் சைலன்சர் குழாயைப் புதிதாக வளைத்து வெல்டு செய்தாக வேண்டும். டிஃபெண்டருக்கென்று வந்த அதே எஞ்சினில் டர்போ மேலே இருக்கும். அதனால் அதற்குத் தேவையும் விலையும் எப்போதும் அதிகம். டர்போவையே கழற்றிவிட்டு, காற்றைத் தானாக இழுக்கும் சாதா டீசலாக ஓட்டுபவர்களும் உண்டு. பலம் குறையும், ஆனால் பழைய கியர்பாக்ஸும் ஆக்சிலும் நிம்மதியாக மூச்சுவிடும். தோல்வி போலத் தோன்றும் இந்த வழி உண்மையில் கெட்டிக்காரத்தனமானது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

சீரிஸ் 3-ல் முதல் கியரின் விகிதம் 3.68, டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் தாழ்ந்த கியர் 2.35, ஆக்சில் 4.7. பெருக்கினால் ஏறத்தாழ 40.7. பழைய பெட்ரோல் எஞ்சின் தரும் முறுக்குவிசை சுமார் 165 நியூட்டன் மீட்டர். அது சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது, உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், 6,700. டர்போவோடு 200 டிடிஐ தருவது 264. அது 10,700 ஆகிறது. பாறை இடுக்கில் ஒரு சக்கரம் மாட்டி நிற்க, ஓட்டுநர் கிளட்சைச் சடாரென்று விட்டால் இந்த விசை முழுவதும் எங்கே போகும்? தேடிப்போய் மிகப் பலவீனமான இடத்தை உடைக்கும். சீரிஸ் வண்டிகளில் அந்த இடம் பின் ஆக்சிலின் மெலிந்த ஹாஃப் ஷாஃப்ட். லேண்ட் ரோவர்காரர்களில் பலர் ஸ்பேர் ஷாஃப்ட் ஒன்றை வண்டியிலேயே போட்டுக்கொண்டு திரிவது வழக்கம். நீள சேசிஸ் கொண்ட சீரிஸ் 3-ல் கம்பெனியே தடித்த ‘சாலிஸ்பரி’ ஆக்சிலைப் பின்னால் வைத்தது. எஞ்சின் மாற்றுபவர்கள் பழைய இரும்புக் கடையில் அதையும் தேடுவது இதனால்தான்.

வேகக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. டாப் கியரில் சீரிஸ் வண்டியின் மொத்த விகிதம் ஏறத்தாழ 5.4. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரை ஒட்டித்தான் போகும். பெட்ரோல் எஞ்சினை அதற்கு மேலும் விரட்டலாம். டீசலுக்கு உச்ச வரம்பே தாழ்ந்தது. எனவே 111 குதிரைத்திறன் ஏற்றியும் நெடுஞ்சாலையில் வண்டி கத்துமே தவிர ஓடாது. இதற்கு ஓவர்டிரைவ் மாட்டலாம். அல்லது பின்னால் வந்த டிஃபெண்டரின் 3.54 விகித டிஃபரன்ஷியலைப் பொருத்தலாம். அப்போது அதே 3,000 சுற்றில் வேகம் 100-ஐத் தாண்டும். ஆனால் முதல் தாழ்கியரின் பெருக்கம் 40.7-லிருந்து 31-ஐ ஒட்டி இறங்கிவிடும். செங்குத்தான சரிவில் எஞ்சினை நம்பி மெல்ல இறங்கும் சுகம் போய்விடும். நெடுஞ்சாலையா, மலையா என்பதை எஞ்சின் வாங்கும் முன்பே முடிவு செய்யாதவர்கள் இரண்டு முறை செலவழிக்கிறார்கள்.

இந்த நிதானத்தைக் கற்க லேண்ட் ரோவர் கம்பெனியின் கதையே போதும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ப்யூயிக் நிறுவனம் அலுமினியத்தில் 3.5 லிட்டர் வி8 எஞ்சின் ஒன்றைத் தயாரித்து, கொஞ்ச காலத்திலேயே கைவிட்டது. 1965-ல் லேண்ட் ரோவரைத் தயாரித்துவந்த ரோவர் நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவர் அந்த எஞ்சினில்தான் புகழ் பெற்றது. 1979-ல் அதையே சாதா லேண்ட் ரோவருக்கும் வைத்தார்கள். அந்த வண்டிக்கு ‘ஸ்டேஜ் 1’ என்று பெயர். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடம் போதாமல் முன் கிரில்லை முன்னால் தள்ளினார்கள். கியர்பாக்ஸைப் பெரிதாக்கினார்கள். அதற்குப் பிறகும், ரேஞ்ச் ரோவரில் 130-க்கு மேல் தந்த அதே எஞ்சினை இங்கே 91 குதிரைத்திறனுக்குக் கட்டிப்போட்டார்கள். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், பழைய வகை ஆக்சில், லீஃப் ஸ்பிரிங். அவை தாங்கும் அளவு அவ்வளவுதான் என்று கம்பெனி கணித்தது. வீட்டில் அதே வி8-ஐ அதே சேசிஸில் வைத்து, அப்படி எந்தக் கடிவாளமும் போடாமல் ஓட்டியவர்களுக்கு ஷாஃப்ட் உடைந்த கதைகளுக்குப் பஞ்சமில்லை.

அதே ப்யூயிக் எஞ்சினுக்கு அமெரிக்காவில் ஒரு தம்பி உண்டு. வி8-ன் வடிவமைப்பிலிருந்து பிறந்த வார்ப்பிரும்பு வி6. அதன் 225 கன அங்குல வடிவத்தை 1960-களின் நடுவில் கைசர் ஜீப் நிறுவனம் சி.ஜே.-5 ஜீப்பில் பொருத்தத் தொடங்கியது. பின்னர் எஞ்சின் தயாரிக்கும் சாதனங்களையே ப்யூயிக்கிடமிருந்து வாங்கிக்கொண்டது. 1973-ன் எண்ணெய் நெருக்கடி வந்ததும் சிக்கன எஞ்சின் தேவைப்பட்ட ப்யூயிக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், 1974-ல் தான் விற்றதைத் தானே திரும்ப வாங்கியது. உலகின் இரண்டு பழம்பெரும் மலைவண்டிகளும் பலத்துக்காக ஒரே குடும்பத்தின் வாசலில் போய் நின்றிருக்கின்றன. இதில் எஞ்சின் மாற்றும் ஆர்வலருக்கு ஒரு குறிப்பு இருக்கிறது: இரண்டுமே கனம் குறைந்த, உயரம் குறைந்த எஞ்சின்கள். நீளத்தைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லாதவை. முன் ஸ்பிரிங்கில் ஏறும் கூடுதல் எடை காட்டுப்பாதையில் எஞ்சினின் பலத்தைவிட முன்னதாகவே தெரியும். இங்கிலாந்தில் டிராக்டரில் ஓடிய 3.86 லிட்டர் பெர்கின்ஸ் டீசலை லேண்ட் ரோவரில் ஏற்றியவர்கள் சாகாத எஞ்சினைப் பெற்றார்கள். கூடவே ஸ்டியரிங் பிடிக்க இரண்டு ஆள் பலமும் தேவைப்பட்டது.

குடும்பம் மாறிய எஞ்சினைக் கியர்பாக்ஸோடு சேர்க்க அடாப்டர் தட்டு வேண்டும். அமெரிக்காவில் அட்வான்ஸ் அடாப்டர்ஸ், ஆஸ்திரேலியாவில் மார்க்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்தத் தட்டுகளை விற்றே பல பத்தாண்டுகளாகப் பிழைக்கின்றன. ஆஸ்திரேலியாவில் சீரிஸ் லேண்ட் ரோவருக்கு உள்ளூர் ஹோல்டன் ஆறு சிலிண்டர் எஞ்சினை ஏற்றுவது ஒரு காலத்தில் சர்வசாதாரணம். நம்மூர் லேத் பட்டறையில் ஒரு டர்னரே இந்தத் தட்டை இழைத்துக் கொடுத்துவிடுவார் என்று தோன்றும். கொடுப்பார்தான். ஆனால் தட்டு என்பது துளை போட்ட வெறும் இரும்பு அல்ல. எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டும் கியர்பாக்ஸின் உள் ஷாஃப்டும் ஒரே நேர்க்கோட்டில் சுற்ற வேண்டும். மையம் விலகுவதற்கு அமெரிக்கப் பட்டறைகளில் பொதுவாக ஒப்புக்கொள்ளும் எல்லை, டயல் கேஜில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு. அதைத் தாண்டினால் முதல் வாரத்தில் எதுவும் தெரியாது. பிறகு கியர் விழ மறுக்கும், கிளட்ச் உதறும், கியர்பாக்ஸின் முன் பேரிங் ஊளையிடும். பழி எஞ்சின் மேல் விழும்.

தட்டின் தடிமனும் முக்கியம். எஞ்சின் முன்னால் தள்ளிப்போன அளவுக்குக் கியர்பாக்ஸின் உள் ஷாஃப்ட் நுனி பிளைவீல் நடுவிலுள்ள புஷ்ஷை எட்டாமல் போகும். அப்போது நீட்டிய புஷ் செய்ய வேண்டும். கிளட்ச் தட்டின் வெளிவிட்டம் எஞ்சினின் பிளைவீலுக்கும், நடுவிலுள்ள பற்கள் கியர்பாக்ஸின் ஷாஃப்டுக்கும் பொருந்த வேண்டும். இரண்டும் இரண்டு கம்பெனிகளின் அளவில் இருக்கும்போது மூன்றாவது வண்டி ஒன்றின் கிளட்ச் தட்டில்தான் விடை கிடைப்பது வழக்கம். ஸ்டார்ட்டர் மோட்டார் எந்தப் பக்கம் வருகிறது, அங்கே ஸ்டியரிங் பாக்ஸ் இருக்கிறதா என்பதும் முன்பே பார்க்க வேண்டியவை.

காரில் எஞ்சின் மாற்றுபவருக்கு இல்லாத ஒரு தலைவலி நான்கு சக்கர இழுவை வண்டிக்கு உண்டு. எஞ்சினுக்கு நேர் கீழே முன் ஆக்சில் கிடக்கிறது, அதுவும் சும்மா கிடப்பதில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங் அமுங்க, அதன் டிஃபரன்ஷியல் உருண்டை மேலே எழும். எஞ்சினின் ஆயில் சம்ப் அந்தப் பக்கமாகத் தாழ்ந்திருந்தால் ஒரே குலுக்கலில் சம்ப் கிழிந்து ஆயில் முழுவதும் பாதையில் கொட்டும். ஷெட்டில் சமதளத்தில் நிற்கும்போது நான்கு விரல் இடைவெளி இருந்ததே என்று சொல்லிப் பயனில்லை. ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய நிலையில் அளக்க வேண்டும்.

மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 1985-ல் 970 சிசி எஞ்சினோடு வந்த ஜிப்ஸி, பின்னர் சுஸுகியின் ‘ஜி’ குடும்பத்து 1.3 லிட்டருக்கு மாறியது. அதே குடும்பத்தின் 1.6 லிட்டர் எஞ்சின் கியர்பாக்ஸோடு இயல்பாகச் சேரும் என்பதால் ராலிப் பந்தயக்காரர்களுக்கு அதன் மேல் ஒரு கண். ஆனால் பலேனோ காரில் அந்த எஞ்சின் குறுக்காகப் படுத்திருந்தது. விடாராவில் நெடுக்காக நின்றது. சம்ப்பின் வடிவம், எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகள் எல்லாம் அதற்கேற்ப வேறு. குடும்பம் ஒன்றானாலும் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

சூடு, மின்கம்பி, பிரேக் மூன்றும் கடைசியில் நினைவுக்கு வருகிறவை. முதலில் நினைக்கப்பட வேண்டியவை. காட்டுப்பாதையில் வண்டி தாழ்கியரில் நடைவேகத்தில் ஊர்ந்தபடி முழுப்பலத்தோடு உழைக்கும். எதிர்க்காற்று ரேடியேட்டரைத் தொடாது. குளிர்விப்பது முழுக்க விசிறியின் வேலை. நெடுஞ்சாலையில் குளிர்ந்தே ஓடிய எஞ்சின் கொண்டை ஊசி வளைவில் கொதிப்பதன் காரணம் இதுதான். ஆற்றைக் கடக்கும்போது விசிறியின் இதழ்கள் தண்ணீரைத் தள்ளி முன்னால் வளைந்து ரேடியேட்டரையே அறுத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. டர்போ எஞ்சினுக்கு இன்டர்கூலர் வேறு இடம் கேட்கும்.

மின்கம்பி விஷயத்தில் பழைய டீசல்கள் தெய்வம். 200 டிடிஐ-யின் பாஷ் பம்ப் முழுக்க இயந்திரமயமானது. ஓடிக்கொண்டிருக்க அதற்குத் தேவை ஒரே ஒரு கம்பி. அதில் மின்சாரத்தை நிறுத்தினால் எஞ்சின் நிற்கும். இன்றைய காமன் ரயில் டீசல் அப்படியல்ல. கம்ப்யூட்டர், சாவியை அடையாளம் காணும் பூட்டு, மிதிகட்டையில் சென்சார் என்று எஞ்சினைத் தந்த வண்டியின் பாதி நரம்பு மண்டலத்தையே பிடுங்கிக்கொண்டு வரவேண்டும். சாவியை மறந்து எஞ்சினை மட்டும் வாங்கிவந்தவர் உயிரற்ற இரும்பை வாங்கியிருக்கிறார். வீட்டில் வேலை செய்பவர்கள் 1980, 90-களின் எஞ்சின்களையே விரும்புவதில் பழைமைப் பற்று எதுவும் இல்லை.

பிரேக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றே போதும். 80-ல் ஓடிய வண்டியை 110-ல் ஓட வைப்பவர், அதை நிறுத்தும் வழியையும் கூடவே மாற்ற வேண்டும். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் இடத்தில் உண்டாகும் வெற்றிடம் பிரேக் சர்வோவுக்குத் துணைபுரியும். டீசலில் அது கிடையாது, தனியாக வெற்றிடப் பம்ப் வேண்டும். பெட்ரோல் வண்டியை டீசலாக்கியவர் இதை விட்டுவிட்டால் முதல் இறக்கத்திலேயே காலுக்குக் கீழே மிதிகட்டை கல்லாகிவிடும்.

கையால் செய்யும் வேலை என்று பார்த்தால் பழைய மலைவண்டிகள் கனிவானவை. சீரிஸ் லேண்ட் ரோவரில் பானட், ரேடியேட்டர் சட்டம், முன் மட்கார்டுகள் எல்லாமே போல்ட்டில் நிற்பவை. கழற்றிவிட்டால் எஞ்சின் நான்கு பக்கமும் திறந்த வெளியில் நிற்கும். இறக்குவது அரை நாள் வேலை. இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு சங்கிலியில் தொங்கும்போது அதன் கீழே கையோ காலோ போகக் கூடாது என்பதும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கக் கூடாது என்பதும் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று தோன்றும். விபத்துகள் அங்கேதான் நடக்கின்றன. பழைய கிளட்ச், பிரேக் லைனிங், கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக் கூடும். காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடுவது பட்டறைகளில் இன்றும் காணும் கெட்ட பழக்கம். ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். வாங்கிய எஞ்சின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்றவர் சொன்னாலும் டைமிங் பெல்ட், பின்புற ஆயில் சீல், கிளட்ச் மூன்றையும் வெளியில் இருக்கும்போதே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். 2.25-ல் இருந்தது சங்கிலி. 200 டிடிஐ-யில் இருப்பது ரப்பர் பெல்ட். அது அறுந்தால் வால்வு அமைப்பே வளைந்துபோகும்.

இவ்வளவு சிரமத்துக்கும் பயன் உண்டா? டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சனில் அதற்கு விடை ஓடிக்கொண்டிருக்கிறது. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் விட்டுச்சென்ற 1950-களின் லேண்ட் ரோவர்கள், அங்கிருந்து 31 கிலோமீட்டர் தொலைவில் 3,636 மீட்டர் உயரத்தில் உள்ள சந்தக்ஃபூவுக்கு ஆள் ஏற்றிச் சென்று பெயர் பெற்றவை. அவற்றில் பலவற்றின் பெட்ரோல் எஞ்சின் எப்போதோ போய், மகிந்திரா டீசல் ஏறிவிட்டது. இங்கிலாந்திலிருந்து உதிரிபாகம் வரவழைக்க வழியில்லாதவர்கள், சிலிகுரியில் கிடைக்கும் உதிரிபாகத்துக்கு ஏற்ற எஞ்சினைத் தேர்ந்தார்கள். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் தோராயமாக நூற்றுக்கு மூன்று பங்கு பலத்தை இழக்கும். சந்தக்ஃபூ உச்சியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். ஆனாலும் வண்டி ஏறுகிறது. காரணம் தாழ்கியர். பலத்தைவிடப் பழுதுபார்க்க முடிவதே அங்கே பெரிய தகுதி.

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் ஜீப்புகளின் உலகமும் இதேதான். மகிந்திரா ஜீப்பின் கதையே எஞ்சின் மாற்றங்களின் கதை. பெட்ரோல் ஹரிக்கேன் போய், டிராக்டர் வழிவந்த டீசல் வந்தது. பிறகு 2,112 சிசி பூஷோ டீசல். அதன் பின் 2,523 சிசி டி.ஐ. எஞ்சின். சேசிஸ் ஏறத்தாழ மாறாமல் இருக்க, எஞ்சின்கள் வந்துபோய்க்கொண்டிருந்தன. ஆகவே ஒரு பழைய ஜீப்புக்கு அடுத்த தலைமுறை மகிந்திரா எஞ்சினை ஏற்றுவது, கம்பெனி ஏற்கெனவே போட்ட தடத்தில் நடப்பது. ஜப்பான் எஞ்சின் மோகத்தில் அதை விட்டு விலகுபவருக்கு அந்தத் தடம் கிடைக்காது.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு முகம் காட்டுகிறது. பிரிட்டனில் பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க நீண்ட காலம் நடைமுறையில் இருந்த புள்ளிக் கணக்கைப் பாருங்கள். மாற்றாத சேசிஸுக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ் முதலிய இழுவை அமைப்பு, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு வெறும் 1. எட்டு புள்ளி தேறினால் வண்டி பழைய வண்டியே. எல்லோரும் வண்டியின் இதயம் என்று கொண்டாடும் எஞ்சினுக்கு அரசாங்கம் தந்த மதிப்பு அவ்வளவுதான். ஆனால் எஞ்சின் மவுண்டுக்காகச் சேசிஸை வெட்டினால் ஐந்து புள்ளியும் ஆபத்தில் சிக்கும். ஒரு புள்ளியை மாற்றப்போய் ஐந்தை இழப்பது பேதைமை. சேசிஸைத் தொடாமல் சேரும் எஞ்சினைத் தேர்வதற்கு இது இன்னொரு காரணம்.

கலிபோர்னியாவில் கேள்வி புகையைப் பற்றியது. ஏறும் எஞ்சின் வண்டியின் ஆண்டுக்குச் சமமானதாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும். அந்த எஞ்சினுக்கு உரிய புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் கூடவே வரவேண்டும். 1975-லும் அதற்கு முன்பும் வந்த பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனையே இல்லை என்பதால் அந்த வயது ஜீப்புகளைத் தேடிப் பிடிப்பவர்கள் அங்கே ஏராளம். ஆஸ்திரேலியாவில் மாற்றத்தைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சான்று தரவேண்டும். முட்டுக்கட்டை போலத் தெரிந்தாலும் மூன்றில் இதுவே நேர்மையான முறை. வண்டி பாதுகாப்பாக இருக்கிறதா என்று ஒருவர் உண்மையில் குனிந்து பார்க்கிறார்.

இந்தியாவில் கதவு இன்னும் குறுகியது. 1988-ன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றத்தின் இளகிய தீர்ப்பை ரத்து செய்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பே டீசலாக்கி ஆர்.சி. புத்தகத்தில் முறைப்படி பதிந்த ஜீப்புகளின் நிலை வேறு. இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு, அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை அனுமதியோடு மாற்றுவது நடைமுறை வழி. சி.என்.ஜி., மின்சாரம் போன்ற வேறு எரிபொருளுக்கு, ஒப்புதல் பெற்ற கன்வெர்ஷன் கிட் மூலம் சட்டமே தனி வாசல் வைத்திருக்கிறது. திருட்டு எஞ்சின் புழங்கும் சந்தையில் பில் இல்லாமல் வாங்குவதும், ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளதும் வேறாக ஓட்டுவதும் விபத்து நாளில் இன்சூரன்ஸ் கைவிரிக்கக் காரணமாகும்.

ஆகவே பழைய ஜீப் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பவர் பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகட்டும். எந்த எஞ்சினைப் பதிந்து தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பிறகு கியர்பாக்ஸின் முகப்பை அளந்து, அந்த அளவுச் சீட்டோடு எஞ்சின் தேடப் புறப்படட்டும். முதல் போல்ட்டைக் கழற்றுவது அதற்குப் பிறகு.